காலுறையில் தொங்கிய முலாம்பழம்

திங்கள், விடிந்த கையோடு

அர்செனி போட்ட சத்தத்தில் ரஷீதாவின் கையிலிருந்த கெட்டில் நழுவி விழுந்தது. அதை எடுக்காமலே, வேலியில் பலகை உடைந்திருந்த இடத்தின் வழியாகப் பக்கத்துத் தோட்டத்துக்குள் நுழைந்தாள்.

கழித்துப்போட்ட ரயில்பெட்டிகளின் ஜன்னல்களை வைத்து அர்செனி கட்டிய கண்ணாடிக் குடில் அது. எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். உறைபனிக்காக இரவில் குடிலின் மேல் போர்த்திய பழைய கம்பளிகள் அப்படியே கிடந்தன. உள்ளே இரும்பு அடுப்பில் இன்னும் சூடு இருந்தது. நடுவில், கூரைக் கம்பியிலிருந்து, இறந்துபோன அவர் மனைவியின் நைலான் காலுறை ஒன்று காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

“காணோம், ரஷீதா. அறுத்துக்கிட்டுப் போயிட்டான்.”

அவர் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார். ரஷீதா எதையும் தொடவில்லை. புறநகர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராகவே வாழ்க்கையைக் கழித்தவள் அவள். டிக்கெட் இல்லாதவன் முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது, கையைப் பார்க்க வேண்டும் என்பது அவள் கட்சி. இங்கே பார்க்கக் கை இல்லை. கை செய்த வேலைதான் இருந்தது. காலுறையின் அடிப்பக்கம் கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டிருந்தது. கொடியும் அப்படியே: பிய்க்கவில்லை, முறுக்கவில்லை, காம்பை நீளமாக விட்டு ஒரே வெட்டு. காம்பில் கட்டியிருந்த சிவப்புக் கம்பளி நூலும் பழத்தோடு போயிருந்தது.

கனத்தில் கொடி ஒடியாமலிருக்க அந்தக் காலுறைக்குள் தொங்கவிட்டிருந்தது வெறும் பழம் இல்லை. அர்செனியின் சொந்த முலாம்பழம் ஊரல் மலைக் குளிரிலும் கோடை முடிவதற்குள் பழுத்துவிடும். ஆனால் வாயில் வைத்தால் முள்ளங்கி. காவல்காரன் தாஹிர் தன் குடிசையோரம் வளர்த்த கொடி அதற்கு நேர்மாறு. உஸ்பெகிஸ்தானிலிருந்து அவன் அம்மா சட்டை மடிப்பில் தைத்து அனுப்பிய விதை. அங்கே அது தேன். இங்கே பழுப்பதற்கு முன்னால் பனி வந்துவிடும். ஜூலை தொடக்கத்தில் அர்செனி தன் கொடியின் மொட்டுகளைப் பிரித்து, அதனதன் மகரந்தத்தைச் சாமணத்தால் கிள்ளி எடுத்துவிட்டு, தாஹிர் கொடியின் ஆண் பூவைத் தடவி, வேறு எதுவும் நுழையாதபடி இதழ்களை நூலால் கட்டினார். மழைக்குளிரில் எல்லாம் உதிர்ந்தன. ஒன்று மட்டும் நின்றது. நேற்றுப் பனியில் தாஹிரின் கொடி கருகிவிட்டது. இனி அந்த இரண்டு கொடிகளும் சேர்ந்த இடம் என்று உலகத்தில் ஒன்று இருந்தால், அது காணாமல்போன பழத்தின் விதைகள்தான்.

“நேத்து சாயங்காலம் இருந்துச்சா?”

“இருந்துச்சு. கம்பளி போர்த்தும்போது தொட்டுப் பார்த்தேன். காம்புகிட்ட மஞ்சள் விழ ஆரம்பிச்சிருந்துச்சு.”

“போர்த்தும்போது கூட யாரு இருந்தா?”

அர்செனி தரையைப் பார்த்தார். “தாஹிர்.”

திங்கள், காலை

நகரத்துக்காரர்கள் கோடையில் வந்து தங்கும் அந்தத் தோட்டச் சங்கம் முழுக்கச் செய்தி பரவ அதிக நேரம் பிடிக்கவில்லை. சங்கத் தலைவி நினேல் ஸ்தெபானவ்னா மண்வெட்டியோடு வந்துவிட்டாள். விதை விஷயத்தில் அவளை மிஞ்ச அங்கே ஆளில்லை. தன் முலாம்பழம் சப்பென்று போனதற்குப் பக்கத்துப் பாத்தி வெள்ளரியின் மகரந்தம்தான் காரணம் என்று இரண்டு கோடைக்கு முன் ரஷீதா சொல்லப்போய், எல்லாருக்கும் நடுவில் வாங்கிக்கட்டிக்கொண்டாள். “ரயில்ல டிக்கெட் கிழிச்சவளுக்குத் தோட்டம் எதுக்கு? பூவுல எந்தத் தூள் விழுந்தாலும் அது விதைக்குள்ளதான் போகும், பழத்துக்கு வராது. உன் பழம் சப்புன்னு இருந்தா அது உன் மண்ணோட லட்சணம்” என்றாள் நினேல். அதற்குப் பிறகு இருவருக்கும் வணக்கம் சொல்வது மட்டும்தான்.

“நேத்து சாயங்காலம் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் போனது யாரு?” என்று நினேல் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்.

எல்லாருக்கும் தெரியும். இரவில் உறைபனி என்று வானொலி சொன்னதும், தாஹிர்தான் வாசல் வாசலாக ஓடிக் கதவைத் தட்டினான். அவன் தட்டியதால்தான் சங்கத்தில் அத்தனை பேரும் பனி இறங்குவதற்குள் தக்காளியைக் கடைசிக் காய் வரை பச்சையாகவே பறித்து வீட்டுக்குள் சேர்த்தார்கள். அந்த நன்றியெல்லாம் பனியோடு காலையில் உருகிவிட்டது.

கூட்டம் வாசல் கேட்டை நோக்கி நடந்தது. கேட் என்றால் கீல் தொய்ந்து மண்ணில் புதைந்த இரும்புக் கதவு. தாஹிர் கை வைத்தால் மட்டும் அது சொன்னபடி கேட்கும். அதையொட்டி அவன் குடிசை. நினேல் நேராக அவனுடைய சாம்பல் வாளியைக் கவிழ்த்தாள். சாம்பலோடு முலாம்பழத் தோல்கள் விழுந்தன. தடித்த தோல், மேலே சாம்பல் நிறத்தில் வலை வலையாக.

“பாத்துக்குங்க. கலப்புப் பழம். பாதி உஸ்பெக், பாதி நம்மோடது. தோலைப் பாத்தாலே அப்பன் யாருன்னு தெரியலையா?”

“இது ஸ்டேஷன் சந்தையில வாங்கினது. சனிக்கிழமை” என்றான் தாஹிர். அவன் முகம் செங்கல் நிறமாகிவிட்டது.

“பில் இருக்கா?”

“முலாம்பழத்துக்கு எவன் பில் தருவான்?”

“ஊரு ஞாபகம் வந்திருக்கும், எடுத்துத் தின்னுட்டான்” என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். சிலர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில்தான் ரஷீதாவுக்குக் கோபம் தலைக்கேறியது. “சிரிச்சது யாரு? முன்னால வா. அந்தக் காய் எப்படி இருந்துச்சுன்னு உங்கள்ல ஒருத்தராவது பாத்திருக்கீங்களா? காலுறைக்குள்ள இருந்தது கறுப்பா வெளுப்பான்னு தெரியுமா?”

சிரித்தவர்கள் பின்வரிசைக்கு நகர்ந்தார்கள்.

“சனிக்கிழமை கூட்டம்” என்றாள் நினேல். “கை தூக்கி முடிவு பண்ணுவோம். அதுவரைக்கும் இருக்கட்டும். அப்புறம் அவன் பதிவுத்தாள்ல என் கையெழுத்து இருக்காது.”

அந்தக் கையெழுத்து இல்லையென்றால் தாஹிர் குடிசையில் மட்டுமல்ல, அந்த நாட்டிலேயே இருக்க முடியாது. அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் தலையாட்டினார்கள்.

செவ்வாய்

ரஷீதா தாஹிரின் குடிசை வாசலில் ஒரு மரக்கட்டையைப் போட்டு உட்கார்ந்தாள். அவன் தேநீர் ஊற்றிக் கொடுத்தான், தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை.

“என்கிட்ட கோவப்படாதே. கேக்கறதுக்குப் பதில் சொல்லு. கம்பளி போர்த்தினதுக்கு அப்புறம் எங்க போனே?”

“மிச்ச வீட்டுக் கதவெல்லாம் தட்டினேன், ஆபா.” மூத்த பெண்களை அவன் அப்படித்தான் கூப்பிடுவான், தாத்தார் இனத்து வீட்டில் பிறந்த ரஷீதாவுக்கும் அது வீட்டுச் சொல்தான்.

“கடைசியா யார் வீடு?”

“தலைவி வீடு. அவங்க இல்ல. அவங்க அக்கா பையன் வாதிக் மட்டும் டார்ச்சை வாயில கடிச்சுக்கிட்டு தக்காளி பறிச்சுக்கிட்டிருந்தான். ‘சித்தி எங்கயோ போயிடுச்சு, அத்தனையும் நான் ஒருத்தனே பறிக்கணுமா’ன்னு திட்டினான்.”

“தக்காளி பழுத்திருந்துச்சா?”

“பழுத்ததா? பச்சைப் பந்து. அதுல ஒண்ணு என் மேலயே எறிஞ்சான்.” தாஹிர் எழுந்து நின்றான். “நான் ஒண்ணு கேக்கறேன். திருடணும்னா அந்தப் பழத்தை நான் எதுக்குத் திருடணும்? பூவைக் கொடுத்ததே நான். எங்க ஊர்ல பழுக்காத காயை அறுக்கிறவனை அப்பன் செருப்பால அடிப்பான். இவங்க என்னைத் திருடன்னு சொல்றது கூடப் பெருசில்ல. முலாம்பழம் தெரியாதவன்னு சொல்றாங்க!”

ரஷீதாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“குளிர்காலத்துக்கு இங்க எப்படி இருக்கே? கால்ல இது என்ன, ரப்பர் செருப்பா?”

“சங்கம் எனக்குன்னு கம்பளி பூட்ஸ் வாங்கிச்சு. போன குளிர்லயே தர்றேன்னாங்க. தலைவி வீட்லதான் இருக்கு. கேட்டா, ‘பனி விழட்டும்’கறாங்க. பனி விழுந்தா, ‘பனி போகப்போகுதே’கறாங்க.”

புதன்

அர்செனிக்கு மறுபக்கத்து வேலிக்காரன் கெனா. லாரி ஓட்டுகிறவன். அர்செனியின் குடில் தன் பாத்திக்கு வெயில் மறைக்கிறது என்று வருடாவருடம் சண்டை போடுபவன். ரஷீதா கதவைத் தட்டியதும் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு வந்தான்.

“ஒத்துக்கறேன்க்கா. நான்தான் திருடன்.”

“என்னத்தைத் திருடினே?”

“அர்செனி விறகு. ஒரு கை. ஞாயித்துக்கிழமை குளிரு தாங்கல.”

“பழம்?”

“அந்தாளு பழத்தை ஒரு தடவை தின்னுருக்கேன். எனக்கு எதிரா நானே அந்தக் குத்தத்தை மறுபடி செய்வேனா?”

“கட்டிலுக்கடியில என்ன?”

“தக்காளி. பாரு, உனக்கு வேணும்னா ரெண்டு எடுத்துக்கோ. கல்லு மாதிரி கிடக்கு.” ஒரு பெட்டியைக் காலால் இழுத்துக் காட்டினான். தவளை நிறம். “நடுவுல ஒரு ஆப்பிள் வெச்சா சீக்கிரம் சிவந்துடும்னு எங்கம்மா வைப்பா. ஆப்பிளுக்கு எங்க போறது? மே மாசப் பனியில சங்கத்துல ஒரு மரத்துலயும் பூ நிக்கலையே.”

“வாதிக் எத்தனை நாளா இங்க இருக்கான்?”

“பொண்டாட்டி துரத்தினதுலேர்ந்து. மெத்தையோடயே வந்துட்டான், நினேல் வீட்டு நடையில படுத்திருக்கான். மோட்டார் சைக்கிள் வேற. நினேல் தாங்கலைங்குது. ‘அவனுக்குன்னு அடுப்பு, கரண்டு உள்ள இடம் ஒண்ணு கிடைச்சா நான் நிம்மதியா தூங்குவேன்’னு தண்ணிக் குழாய்கிட்ட புலம்பிச்சு.”

அடுப்பும் மின்சாரமும் உள்ள இடம் சங்கத்தில் சும்மா கிடக்கவில்லை. அப்படி ஒன்று காலியாக வேண்டும் என்றால், அது வாசல் குடிசைதான். ரஷீதா அதை மனதில் குறித்துக்கொண்டாள். ஆசைப்படுவது குற்றமில்லை. வாதிக்கே தூக்கியிருக்கலாம், ஆனால் அவன் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு தக்காளிப் பாத்தியில் நின்றதைத் தாஹிர் பார்த்திருக்கிறான்.

வியாழன்

அர்செனி மூன்று நாளாகக் கதவைத் திறக்கவில்லை. ரத்த அழுத்தம் என்று ஜன்னல் வழியாகச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். ரஷீதா கதவை உதைத்தாள். இரண்டாம் உதையில் திறந்தது.

சாம்பல் வாளியிலிருந்து எடுத்த தோலை அவர் படுக்கையின் மேல் போட்டாள்.

“இது உங்களோடதா?”

அர்செனி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். “இல்ல.”

“நிச்சயமா?”

“என்னோடது வழுவழுன்னு இருக்கும். கோழிமுட்டைத் தோல் மாதிரி. இதுல வலை இருக்கே.”

“கலப்புப் பழம்கறாங்க. அப்பன் தோல்கறாங்க.”

“முட்டாளுங்க. இந்த வருஷக் காய் தாய் மாதிரிதான் இருக்கும். அப்பன் விதைக்குள்ள இருக்கான். அடுத்த வருஷம் நட்டாத்தான் வெளிய வருவான். இது நினேலுக்கே தெரியுமே.”

ரஷீதாவுக்குக் காதுக்குள் ஏதோ கிணுகிணுத்தது. வெள்ளரிப் பாத்தி, எல்லாருக்கும் நடுவில் வாங்கிக்கட்டிக்கொண்ட அந்தப் பேச்சு. அவள் உடனே அதைச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் இன்னொரு கோபம் வரிசையில் நின்றது.

“அப்போ இதை ஏன் வெளிய வந்து சொல்லல?”

“யாரும் கேக்கல.”

“யாரும் கேக்கலையா? அர்செனி இக்னாதிச், ஒருத்தனை நாட்டை விட்டே துரத்தப் போறாங்க. அவன் கொடுத்த பூவுலதான் உங்க பழம் நின்னுச்சு. நீங்க போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்திருக்கீங்க!”

“போனது போயிடுச்சு” என்றார் அவர், சுவர்ப் பக்கம் திரும்பி. “யாரு எடுத்தா என்ன? இப்ப வெட்டியிருந்தா விதை வெறும் தோல். பறிச்சதுக்கு அப்புறமும் பழத்தை வெட்டாம உள்ளேயே வெச்சிருக்கணும், அப்பத்தான் விதைக்குள்ள பால் கெட்டியாகும். திருட்டுப் பயலுக்கு அது எங்க தெரியப்போகுது.”

“தெரிஞ்ச ஆளா இருந்தா?”

அவர் மெதுவாகத் திரும்பினார்.

“தெரிஞ்ச ஆளுன்னா, வெட்டாம வெச்சிருப்பான். கதகதப்பான இடத்துல. அப்ப அது இன்னும்...” அவர் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தார்.

“காம்பை நீளமா விட்டு வெட்டியிருக்கு. திங்கறவன் காம்பைப் பத்தி கவலைப்பட மாட்டான்” என்றாள் ரஷீதா. “சனிக்கிழமை கூட்டத்துக்கு வர்றீங்க. நடக்க முடியலைன்னா இழுத்துக்கிட்டுப் போவேன்.”

அன்று மாலை தண்ணீர்க் குழாயடியில் ரஷீதா நினேலிடம் தோல் அர்செனியுடையது இல்லை என்று மட்டும் சொல்லிப் பார்த்தாள். நினேலின் கை வாளிப் பிடியை விடாமல் இறுக்கியது. “கிழவருக்கு இரக்கம் ஜாஸ்தி. தோல் இல்லைன்னா போகட்டும். அவன் எடுக்கலைன்னா வேற யாரு? நீ சொல்லேன்” என்றாள்.

ரஷீதா தன் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நினேல் பொய் சொல்லியிருக்கிறாள் என்று தெரியும். பழம் எங்கே என்று தெரியாது. பழம் இல்லாமல் பேசினால், பழைய வெள்ளரிச் சண்டைக்குப் பழி வாங்குகிறாள் என்பார்கள்.

சனி, கூட்டம்

கூட்டம் நினேலின் முற்றத்தில் நடந்தது. சமோவாரில் தண்ணீர் கொதித்தது. வீட்டுக்குள்ளிருந்து சோயிக்கீரையும் வினிகரும் பூண்டும் ஊறுகாய்க்காகக் கொதிக்கும் காரமான வாசனை. அதற்கு முன்னால் வேறெந்த வாசனையும் நிற்காது. மேசையின் மேல் ரொட்டி, புளிப்புப் பாலேடு, பெரிய தட்டு நிறைய நறுக்கிய தக்காளி. தாஹிர் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலியோரம் நின்றான். யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை. அர்செனி ஒரு முக்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

கெனா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டான். “அடேயப்பா, சிவப்பு! என்னோடது இன்னும் தவளையாட்டம் கிடக்கு. தலைவி வீட்டுக்கு மட்டும் தனிச் சூரியன் வருது போல.”

“கைராசி” என்றாள் நினேல்.

“ஆப்பிள் வெச்சீங்களா?”

“ஒண்ணும் வைக்கல. கைராசின்னேன் இல்ல.” அவள் வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். “வாதிக்! இன்னும் கொஞ்சம் தக்காளி கொண்டா.”

உள்ளே ஏதோ உருளும் சத்தம். வாதிக் ஜன்னலில் தலையை நீட்டினான். கை நிறையப் பச்சைக் காய்கள்.

“இடது பூட்ஸ்ல மேல இருந்த சிவப்பெல்லாம் எடுத்தாச்சு, அடியில கை எட்டல, சித்தி. வலது பூட்ஸ்ல பூராவும் இப்படித்தான் இருக்கு. இதையா நறுக்கறது?”

“வெச்சிட்டு வெளிய வா!” என்றாள் நினேல். அவள் கை மேசை விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. பிடித்தது விடவில்லை.

ரஷீதா அந்தக் கையைப் பார்த்தாள்.

“ஒரு நிமிஷம், வாதிக். அங்கேயே நில்லு” என்று எழுந்தாள். “எந்த பூட்ஸ்?”

“கம்பளி பூட்ஸ். அடுப்புகிட்ட நிக்குதே, ஜோடியா. தக்காளி பழுக்கறதுக்குப் போட்டு வெச்சிருக்கு.”

“ரெண்டுலயும் போட்டது ஒரே நாள்தானே?”

“ஞாயித்துக்கிழமை. நான்தான் பறிச்சேன், நான்தான் ரெண்டுலயும் கொட்டினேன். இடுப்பு விட்டுப்போச்சு.”

“எல்லாம் பச்சை?”

“எல்லாம் பச்சை.”

“இது என்ன, கூட்டமா விசாரணையா?” என்றாள் நினேல்.

“ரெண்டும்தான். தாஹிர் மேல விசாரணை நடத்தலாம்னா உங்க பூட்ஸ் மேல நடத்தக் கூடாதா?” ரஷீதா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை, ரயிலில் பெட்டியின் கதவை உள்ளிருந்து சாத்திவிட்டுப் பேசும் குரல் அது. “கேட்டுக்குங்க. ஒரே பாத்தி, ஒரே நாள், ஒரே அடுப்பு. ஒரு பூட்ஸ்ல சிவப்பு, பக்கத்து பூட்ஸ்ல பச்சை. கைராசின்னா ரெண்டு கையும் இவங்களோடதுதானே? நல்லா பழுத்த பழம் ஒண்ணு பக்கத்துல இருந்தா காய் சிவக்கும். அதுக்குத்தான் ஆப்பிள் வைக்கிறோம். இந்த வருஷம் ஆப்பிள் இல்ல. இவங்களும் ஒண்ணும் வைக்கலைன்னு இப்பத்தான் சொன்னாங்க. அப்போ இடது பூட்ஸ்ல அடியில என்ன இருக்கு?”

“கடையில வாங்கின ஆப்பிள்!” என்றாள் நினேல்.

“இப்ப ஆப்பிள் வந்துடுச்சா? சரி, பாத்துடுவோம். வாதிக், அந்த பூட்ஸை இங்க கொண்டா.”

“தொடாதே!”

வாதிக் சித்தியைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், பூட்ஸை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டான். அவனுக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது என்பது அவன் நீட்டிய வேகத்திலேயே தெரிந்தது.

ரஷீதா பூட்ஸை மேசையின் மேல் தலைகீழாகக் கவிழ்த்தாள். பாச்சை உருண்டை நெடியோடு தக்காளிகள் உருண்டன. அடியில் போகப் போக அவை இன்னும் சிவப்பாக இருந்தன. பிறகு ஒன்றும் வரவில்லை. குதிகாலைத் தட்டினாள். செய்தித்தாளில் சுற்றிய உருண்டை ஒன்று வந்து ரொட்டியின் மேல் விழுந்தது. தாள் விலகியது. கோழிமுட்டை போல வழுவழுப்பான, மஞ்சள் நிறப் பழம். நீளக் காம்பு. காம்பில் சிவப்புக் கம்பளி நூல்.

அர்செனி எழுந்து வந்து காம்பிலிருந்த நூலைத் தொட்டார். “என் முடிச்சு” என்றார். “அது என் முடிச்சு.”

“ஞாயித்துக்கிழமை எல்லாரும் குனிஞ்சு தக்காளி பறிச்சுக்கிட்டிருந்தப்போ தலைவி மட்டும் வீட்ல இல்ல” என்றாள் ரஷீதா. “தாஹிர் கதவைத் தட்டினப்போ இவங்க அர்செனி குடில்ல இருந்திருக்காங்க. திங்கக்கிழமை நேரா போய்ச் சாம்பல் வாளியைக் கவுத்தாங்க. அதுல தோல் இருக்குன்னு முன்னாலயே நோட்டம் விட்டு வெச்சிருக்காங்க. ‘தோலைப் பாத்தாலே அப்பன் தெரியுது’ன்னாங்க. எனக்கு அப்பவே உறுத்தியிருக்கணும். பூவுல விழற தூள் விதைக்குள்ளதான் போகும், பழத்துக்கு வராதுன்னு இந்தச் சங்கத்துக்கே பாடம் நடத்தினது யாரு? என்னை அத்தனை பேர் முன்னால அசிங்கப்படுத்திச் சொல்லிக்கொடுத்தது யாரு? தெரியாம தப்பாச் சொல்றது வேற. நினேல் ஸ்தெபானவ்னா விதை விஷயத்துல தப்பாச் சொல்ல மாட்டாங்க. பொய்தான் சொல்லுவாங்க.”

“எனக்கு எதுக்கு அந்தாளு பழம்?” என்றாள் நினேல்.

“பழம் உங்களுக்கு வேணாம். குடிசை வேணும். வாதிக்குக்கு.”

“எனக்கா?” என்றான் வாதிக், ஜன்னலிலிருந்து. “நான் கேக்கவே இல்லையே!”

“பழத்தை ஆத்துல எறிஞ்சிருந்தா முடிஞ்சு போயிருக்கும்” என்று ரஷீதா தொடர்ந்தாள். “பாலம் பக்கத்துலதான். எறிஞ்சிட்டு வந்திருந்தா நான் இன்னிக்கு வாயை மூடிக்கிட்டு உக்காந்திருப்பேன். தாஹிர் ராத்திரி வண்டியில போயிருப்பான். ஏன் எறியல?”

நினேல் பழத்தைப் பார்த்தாள். இத்தனை நேரமும் அடக்கி வைத்திருந்தது அவள் முகத்தில் வெடித்தது. “அந்த மாதிரி விதையை யாராவது தூக்கிப் போடுவாங்களா? பைத்தியமா உங்களுக்கு? நம்ம குளிர்ல பழுக்கற கொடியும் அந்தத் தித்திப்பும் ஒண்ணாச் சேந்திருக்கு! மறுபடி அது கிடைக்குமா?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது.

“விதையைத் தூக்கிப் போட மனசு வரல” என்றாள் ரஷீதா. “மனுஷனைத் தூக்கிப் போட மட்டும் வந்துச்சு. அதுவும் அவனுக்குன்னு வாங்கின பூட்ஸ்லயே அதை ஒளிச்சு வெச்சு!”

கெனா பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அட, சங்கத்து பூட்ஸ்தான். வாங்கறதுக்கு நானும்தானே கை தூக்கினேன்.”

யாரும் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை சிரித்தவர்கள் சமோவாரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கை தூக்கல் நடந்தது. ஆனால் வேறு விஷயத்துக்கு. நினேல் பதிவுத்தாளில் கையெழுத்துப் போட்டாள். தலைவியாக அதுதான் அவள் போட்ட கடைசிக் கையெழுத்து. இன்னொரு பூட்ஸிலிருந்த பச்சைத் தக்காளியை வாதிக் தானே கவிழ்த்து, ஜோடியைத் தாஹிரிடம் கொண்டுவந்து கொடுத்தான்.

அர்செனி பழத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தாஹிரின் முன்னால் போய் நின்றார். “இன்னும் ஒரு வாரம் போகட்டும். அப்புறம் வெட்டலாம். விதையில பாதி உனக்கு.”

“பாதி எப்பவும் என்னோடதுதான், பெரியவரே” என்றான் தாஹிர். “அதை நீங்க கொடுக்க வேண்டியதில்ல. தோல் உங்களோடது இல்லைன்னு திங்கக்கிழமையே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அதை நீங்க கொடுத்ததா வெச்சிருப்பேன்.”

அர்செனி பழத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

சனி, சாயங்காலம்

நகரத்துக்குத் திரும்பும் கார்கள் வாசல் கேட்டில் வரிசையாக நின்றன. முதல் கார் ஹாரன் அடித்தது. தாஹிர் குடிசை வாசலில், ஆகஸ்டு வெயிலில், புதுக் கம்பளி பூட்ஸைக் காலில் மாட்டிக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். அவன் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது காரும் ஹாரன் அடித்தது. அவன் தேநீரை ஊதிக் குடித்தான்.

கடைசியில் ஒருவர் இறங்கி வந்தார். கதவைத் தள்ளினார். அது நகரவில்லை. இன்னும் இரண்டு பேர் வந்து தோள் கொடுத்துத் தள்ளினார்கள். கீல் கிறீச்சிட்டது, கதவு மண்ணில் இன்னும் ஆழமாகப் புதைந்தது. வரிசையில் நாலாவது காரில் நினேல் உட்கார்ந்திருந்தாள். அவளும் இறங்கி வந்து ஒரு மூலையைப் பிடித்தாள். எல்லாரும் தள்ளினார்கள். யாரும் தாஹிர் பக்கம் பார்க்கவில்லை. அவன் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரஷீதா ரயிலுக்குப் போக, தோளில் பையோடு நடந்து வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள், பூட்ஸைப் பார்த்தாள். பையை இறக்கி வைத்துவிட்டு, அவளும் போய்க் கதவின் மேல் கை வைத்தாள்.

“தள்ளாதீங்க, ஆபா” என்றான் தாஹிர், இருந்த இடத்திலிருந்தே. “கொஞ்சம் தூக்கி, உங்க பக்கமா இழுங்க.”

தூக்கி இழுத்தாள். கேட் திறந்தது.